சாகாது என்று யார் சொன்னது?

போன வாரம் காலை நடை முடிந்து கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் என் கைப்பேசிக்கு ஒரு பாட்டு அனுப்பினார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "கேளுப்பா, கெல்டிக் மியூசிக். ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. ராத்திரி போட்டுட்டுப் படுத்தா மாத்திரையே வேணாம்" என்றார். கேட்டேன். பனிமூட்டம் போல ஒரு புல்லாங்குழல், கொஞ்சம் ஹார்ப், பின்னணியில் கம்ப்யூட்டரில் செய்த கடலலை. நிஜக் கடல் இருபதடி தள்ளி இரைந்துகொண்டிருந்தது.

தூக்கம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக இதை எழுதவில்லை. அண்ணன் அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. "பாத்தியா, மண்ணோட இசை. ராஜா போனாலும் ராஜ்ஜியம் போனாலும் அது மட்டும் சாகாது."

அண்ணே, சாகும். செத்திருக்கிறது. அதுவும் நீங்கள் அனுப்பினீர்களே, அதே கெல்டிக் நாடுகளிலேயே செத்திருக்கிறது. அன்றைக்கு வெயில் ஏறிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது மின்விசிறிக்குக் கீழே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டாயிரம் வருடக் கதை. அந்தக் காலத்துக் கெல்டியர்கள் என்ன மெட்டு வாசித்தார்கள் என்பதற்குச் சுரக்குறிப்பு எதுவும் கிடையாது. மண்ணுக்கடியில் கிடைத்தது கார்னிக்ஸ் என்கிற வெண்கலக் கொம்பு. காட்டுப்பன்றித் தலை வைத்து, தலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்து ஊதுவது. 1816-ல் ஸ்காட்லாந்தில் டெஸ்க்ஃபோர்டு என்னுமிடத்தில் அதன் தலைப்பகுதி கிடைத்தது. 2004-ல் பிரான்சில் தந்தினியாக்கில் கிட்டத்தட்ட முழுசாகவே ஒன்று கிடைத்தது. போர்க்களத்தில் எதிரிக்கு வயிற்றைக் கலக்க ஊதிய வாத்தியம். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் தூங்க முடியாது.

அயர்லாந்து, வேல்ஸ், பிரெத்தாஞ் மொழிகளெல்லாம் ஒரே குடும்பம் என்று 1707-ல் எட்வர்ட் லூயிட் என்கிற வேல்ஸ்காரர் புத்தகம் போட்டார். கெல்டிக் என்ற பெயர் அந்த மொழிகள்மேல் நிலையாக ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். இசைமேல் ஒட்டியது அதற்கும் வெகுநாள் கழித்து. வாத்தியங்களையாவது பார்ப்போம் என்றால், பிடில் இத்தாலியிலிருந்து வந்தது. பான்ஜோ ஆப்பிரிக்க அடிமைகளோடு அமெரிக்கா போய் அங்கிருந்து அயர்லாந்து வந்தது. இன்றைக்கு ஐரிஷ் இசைக்குழு என்றாலே கையில் இருக்கும் புஸூக்கி, கிரேக்க வாத்தியம். 1960-களில்தான் ஜானி மொய்னிஹன் என்பவர் அதை அங்கே புகுத்தினார். போரான் என்கிற ஆட்டுத்தோல் பறையைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் ஷான் ஓ ரியாடா, அதுவும் அதே 1960-களில். பேக்பைப் மட்டும்தான் ஸ்காட்லாந்துக்கே சொந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்பெயினில் உண்டு, இத்தாலியில் உண்டு, பல்கேரியாவில் உண்டு, ராஜஸ்தானில் மஷக் என்று உண்டு. நம் பக்கத்தில் சுருதிக்காக ஊதிய துத்தியும் அதன் உறவுதான். அந்தத் துத்தியை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள், அண்ணே?

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அயர்லாந்தின் ஹார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கம்பி கட்டி, விரல் நகத்தால் மீட்டியது. பிரபுக்கள் வீட்டில் சோறு போட்டு வைத்திருந்த வித்வான்களின் வாத்தியம். பிரபுக்கள் போனார்கள், சோறும் போயிற்று. 1792-ல் பெல்ஃபாஸ்டில் சில பெரிய மனிதர்கள் கூடி, மிச்சமிருக்கும் ஹார்ப் வித்வான்கள் எல்லாரும் வரவேண்டும், பரிசு உண்டு என்று விளம்பரம் கொடுத்தார்கள். ஒரு தேசம் முழுவதிலுமிருந்து வந்த ஐரிஷ் வித்வான்கள் பத்துப் பேர். பலர் கண் தெரியாதவர்கள். அவர்களில் மூத்தவரான டெனிஸ் ஹெம்ப்சனுக்குத் தொண்ணூறைத் தாண்டிய வயது; பழைய முறைப்படி நகத்தால் வாசித்தது அந்தக் கிழவர்தான். அவர்கள் வாசித்ததை எழுதிவைக்க ஓர் ஆளை அமர்த்தினார்கள். எட்வர்ட் பன்ட்டிங், வயது 19. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பையன். அவன் உட்கார்ந்து எழுதினான். அந்த எழுத்து இல்லாவிட்டால் அந்த மெட்டுகளில் பலவற்றை இன்று யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் மெட்டுதான் காகிதத்தில் ஏறியது, கை ஏறவில்லை. அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் கம்பி ஹார்ப்பை வழிவழியாக வாசிப்பவர் யாருமில்லை. இன்று அயர்லாந்தின் நாணயத்தில் ஹார்ப் இருக்கிறது. காசில் இடம் கிடைத்தது, கையில் இல்லை.

சிரிக்க வேண்டாம். நமக்கும் யாழ் இருந்தது. பாணர் இருந்தார்கள். விபுலானந்த அடிகள் வருடக்கணக்காக உழைத்து 1947-ல் யாழ் நூல் வெளியிட்டார் என்றால், அது வாசிப்பவர் எவரும் இல்லாமல் போனதால்தானே, புத்தகத்தில் தேட வேண்டி வந்தது? மண்ணின் இசை சாகாதாம்.

இனி பிரெத்தாஞ். பிரான்சின் மேற்கு மூக்கு. நம் புதுவைக்காரர்களுக்கு அந்த ஊரோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1666-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கப்பல் கட்ட ஓரிடம் பிடித்தது. அதைச் சுற்றி எழுந்த ஊருக்கு லொரியாம் என்று பெயர். கிழக்கு என்றுதான் அர்த்தம். நம்மை நோக்கி வைத்த பெயர் என்றே வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக் கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்தன.

எனக்கும் ஒரு பிரெத்தாஞ்காரர் பாடம் எடுத்தார். பிரெவே வகுப்பு, 1960-களின் நடுவில். அவர் அந்த ஊர்க்காரர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எல்லா வெள்ளைக்காரரும் பாரிஸ்தான். பள்ளியின் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு மரக்கோலைக் கையில் கொடுத்துவிடுவார். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறானோ அவனிடம் அதைத் தள்ளிவிடலாம். மாலையில் மணி அடிக்கும்போது கோல் எவன் கையில் இருக்கிறதோ அவன் உட்கார்ந்து நூறு தரம் எழுதவேண்டும். கோலைத் தள்ளுவதற்காகவே பக்கத்துப் பையனைக் கிள்ளி "ஐயோ" என்று கத்தவைப்போம். நானும் கிள்ளியிருக்கிறேன்.

ஒரு மாசி மகத்தன்று சாமி எங்கள் தெரு வழியாகக் கடலுக்குப் போயிற்று. நாயனம், தவில். வகுப்பே வாசல் பக்கம் திரும்பியது. கோல் வருமென்று பயந்தோம். அவர் சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். மேளம் தெருமுனை திரும்பிச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட இதே மாதிரி" என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து இலக்கணம்.

அது என்ன என்று எனக்குத் தெரிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஓய்வு பெற்றபின், 2012 ஆகஸ்டில், பிரான்சில் இருக்கும் மகன் என்னை லொரியாம் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். 1971-லிருந்து வருடாவருடம் நடக்கிறது. பத்து நாள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, ஸ்பெயினின் கலிசியா, அஸ்தூரியா என்று எல்லாரும் வருகிறார்கள். பெரிய ஊர்வலத்தை நான் அதிகம் ரசிக்கவில்லை, காது அடைத்துவிட்டது. பக்கத்துச் சந்தில் இரண்டே பேர் நின்று வாசித்தார்கள். அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன்.

ஒருவர் கையில் பொம்பார்து. ஒரு முழத்துக்கும் குறைவான கட்டைக் குழல், கீழே போகப்போக விரிவது, வாயில் இரட்டை நாக்கு. நம் சீவாளியேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கையில் பினியு, குட்டித் தோல்பை வாத்தியம். பொம்பார்தைவிட ஒரு ஸ்தாயி மேலே, ஊசி போல ஏறுகிறது. பொம்பார்துக்காரர் ஓர் அடி வாசித்து நிறுத்துகிறார். அதே அடியைப் பினியு திருப்பிச் சொல்கிறது. அதற்குள் இவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். அந்தக் கட்டைக் குழல் அவ்வளவு மூச்சைத் தின்கிறது. பினியுவின் தோல்பையில் காற்று இருப்பதால் அது நிற்பதே இல்லை. சுருதிக் குழலும் அதனோடேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. நாயனத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அண்ணன் அனுப்பிய தூக்கப் பாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது கல்யாணத்துக்கும் ஆட்டத்துக்கும் வயல் தாண்டிக் கேட்கவேண்டிய சத்தம்.

ஜன்னலில் நின்ற மனிதர் நினைவுக்கு வந்தார்.

அதே பயணத்தில் ஒரு கண்காட்சியில் பழைய மரச்செருப்பு ஒன்றைப் பார்த்தேன், கயிறு கட்டியது. அதற்குப் பெயர் சேம்போல். பள்ளியில் பிரெத்தோன் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அவன் அடுத்து எவன் பேசுகிறானோ அவனைக் காட்டிக்கொடுத்து மாற்றிவிட வேண்டும். மாலையில் எவன் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. எங்கள் கோல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவருடைய அப்பா கழுத்திலோ, ஒருவேளை அவர் கழுத்திலோ தொங்கியதை எங்கள் கையில் கொடுத்திருக்கிறார். கோபம் வந்தது. ஜன்னலும் கூடவே வந்ததால் கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அங்கேயும் இசை தானாகப் பிழைக்கவில்லை. பாதிரிமார் ஆட்டத்தைத் திட்டினார்கள். அக்கார்டியன் வந்தபோது அதற்குப் பிசாசுப் பெட்டி என்றே பெயர். பள்ளிக்கூடம் மொழியை அடித்தது. இளைஞர்கள் பாரிசுக்கு வேலைக்குப் போய்த் தங்கள் ஊர்ப் பேச்சை மறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும்போது பினியு வாசிப்பவர்கள் கிழவர்களாகி, அங்கங்கே ஒருவர் இருவர் என்று ஆகிவிட்டார்கள்.

பிறகு யார் காப்பாற்றியது? மண்ணா? 1940-களில் போலிக் மொன்ழாரே முதலான சில இளைஞர்கள் வாத்தியக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஸ்காட்லாந்து பைப் பேண்டைப் பார்த்து, பொம்பார்து, பேக்பைப், டிரம் மூன்றையும் சேர்த்து பகாத் என்ற அணியை உருவாக்கினார்கள். அப்படி முதலில் எழுந்த அணிகளில் ஒன்று கார்ஹே ஊரின் ரயில்வே ஊழியர்களுடையது. கவனியுங்கள், ரயில்வே ஊழியர்கள். நம்மைப் போல ரிஜிஸ்தரும் மஸ்டர் ரோலும் பார்த்தவர்கள். வருடாவருடம் போட்டி, தரவரிசை, சந்தா, வாத்தியார், ஒத்திகைக்கு இடம். மொன்ழாரே ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கேட்டு எழுதிய மெட்டுகள் 3000 வரை புத்தகமாக வந்தன. லொய்ஸ் ரொபார் என்கிற ஆசிரியர், அறுவடை முடிந்த களத்து மேட்டில் இரவில் நடக்கும் ஆட்டத்தை, அதுதான் ஃபெஸ்ட்-நோஸ், 1950-களில் ஊர் மண்டபத்துக்குக் கொண்டுவந்து மேடையும் மைக்கும் வைத்தார். இரண்டு பேர் எதிரெதிராகப் பாடுவதும் கூடவே வந்தது. ஒருவர் அடியை முடிக்கும் முன்பே அதன் கடைசி அசைகளை மற்றவர் பிடித்துக்கொள்வார், மூச்சு விட இடைவெளியே விழாது. 2012 டிசம்பரில் ஃபெஸ்ட்-நோஸ் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நான் பார்த்துவிட்டு வந்த நாலாம் மாதம்.

அங்கே காணாமலே போய்விட்ட ஹார்ப்பை ழோர்ட் கொஷ்வெலு என்பவர் பழைய படங்களையும் ஏடுகளையும் பார்த்து மறுபடி செய்து 1953-ல் முடித்தார். வாசிக்கச் சொல்லிப் பிடித்து உட்காரவைத்தது ஒன்பது வயது மகனை. அந்தப் பையன்தான் பின்னாளில் ஆலன் ஸ்டிவெல் என்று 1972-ல் பாரிஸ் ஒலிம்பியா மேடையில் மின்சார கிட்டாரையும் சேர்த்துக்கொண்டு அதை வாசித்து நாடு முழுக்கக் கேட்கவைத்தான்.

இதெல்லாம் செயற்கை, சங்கம் வைத்துச் செய்தது, ஸ்காட்லாந்திலிருந்து கடன் வாங்கியது என்று அங்கேயும் முணுமுணுப்பவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். பெரிய பேக்பைப் வந்து குட்டிப் பினியுவை ஓரங்கட்டியது. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அசல் எது என்று நூறு பேர் சண்டை போட வேண்டுமென்றால் முதலில் வாசிக்கிற நூறு பேர் இருக்கவேண்டும். அயர்லாந்தில் முழங்கைக்கு அடியில் துருத்தி வைத்து உட்கார்ந்து வாசிக்கும் இல்லன் பைப்புக்கு 1968-ல் சங்கம் கூட்டியபோது வாசிப்பவர்கள் நாடு முழுவதிலும் நூறு பேர் தேறவில்லை. இன்று உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். சங்கம் கூட்டாமல் "சாகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது நாணயத்துக்குப் போயிருக்கும்.

எல்லாம் பிழைத்தது என்றும் நான் சொல்லவரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெத்தோன் பேசியவர்கள் சுமார் பத்து லட்சம். இன்று இரண்டு லட்சத்துக்கும் கீழே, அதிலும் பெரும்பாலோர் நம் வயதுக்காரர்கள். 1977-லிருந்து திவான் பள்ளிகள் அந்த மொழியில் பாடம் நடத்தியும் இந்தக் கதி. இசைக்கு முந்திக்கொண்டார்கள், மொழிக்குப் பிந்திவிட்டார்கள்.

சந்தில் வாசித்த பொம்பார்துக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். தபால் நிலையத்தில் வேலை. "தாத்தாவிடம் கற்றீர்களா?" என்று கேட்டேன். "தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் வெட்கப்பட்டு விட்டுவிட்டார். நான் கற்றது சங்கத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம்" என்றார்.

அண்ணே, இப்போது நம் தெருக் கோயிலுக்கு வாருங்கள். நீங்கள் கமிட்டித் தலைவர், நான் காரியதரிசி. காலையும் மாலையும் பூஜைக்கு ஒரு நாயனம், ஒரு தவில் இருந்தது. 2016-ல் நீங்கள் உங்கள் தாயார் நினைவாக மின்சார மேளம் வாங்கிக் கொடுத்தீர்கள். பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் சேகண்டியும் தானாக அடிக்கும். மாதம் 7,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் பார்த்தோம். இருவருக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். அந்தத் தீர்மானத்தை எழுதியது நான்தான், என் கையெழுத்தில், முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்பில் எழுதிய அதே நடையில். "ஒருமனதாக" என்று எழுதினேன். எனக்கு மனசு ஒப்பவில்லை என்பது உண்மை. ஆனாலும் எழுதினேன் என்பதும் உண்மை.

நாயனக்காரரைத் தையில் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு கம்பெனியில் இரவுக் காவல். பையன் கூரியர் வண்டி ஓட்டுகிறான், ஊதத் தெரியாது. சீவாளிக் கொத்து இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மெஷின் நல்லா ஓடுதுங்களா ஐயா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே விசாரித்தார்.

இரண்டாயிரம் வருடத்துப் பழசு என்று எங்கேயோ இருப்பதை இரவில் போட்டுக் கேட்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தூக்கம் முக்கியம். ஆனால் மெஷின் வாங்கிக் கொடுத்த கையால் "சாகாது" என்று எனக்கு அனுப்பாதீர்கள்.

வருகிற மாதக் கூட்டத்துக்கு நான் ஒரு குறிப்பு தயார் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் நாயனமும் தவிலும் நேரில் வாசிக்கவேண்டும். சனி, ஞாயிறு மதியம் மண்டபத்தில் தெருப் பிள்ளைகளுக்கு நாயனக்காரரே சொல்லிக்கொடுக்கவேண்டும். அதற்குத் தனியாகச் சம்பளம். இரண்டும் சேர்த்து மாதம் 9,500 ரூபாய் ஆகிறது. என் பென்ஷனிலிருந்து 2,000 எழுதிவிட்டேன். மிச்சத்துக்கு நிரந்தர வைப்பு வட்டி போதும், கணக்கைப் பின்னால் இணைத்திருக்கிறேன். வங்கிக்காரருக்கு வட்டிக் கணக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. தலைவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், அண்ணே.